எலும்புக் குறையை நிரப்பும் பொருள்கள்: ஒரு மதிப்பீடு

மனித உடலின் உறுப்புகளுள் தழும்பின்றி ஆறும் ஆற்றல் மிக்கது எலும்பு. தோலில் ஆழ்ந்த காயம் பட்டால், அது ஆறிய பின்னும் தழும்பு நிற்கிறது. எலும்போ முறிந்த இடத்தில் உரிய நிலையில் அசையாது வைக்கப்படுமாயின், மீண்டும் எலும்பாகவே கூடிவிடுகிறது. சில மாதங்களுக்குப் பின் முறிந்த இடம் எதுவெனக் கண்டறிவதுகூட அரிதாகிவிடும். முட்டையின் வெண்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய நம் நாட்டு வைத்தியர்கள் நம்பியிருந்ததும் எலும்பின் இந்த இயல்பையே ஆகும். கட்டு எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் வரை அதனை அசையாமல் காப்பதே கட்டின் பணி.

எனினும் முறிவு வேறு, குறை வேறு. முறிவில் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. குறையிலோ இடையே ஒரு துண்டே இல்லாமற் போய்விடுகிறது. அவ்விடைவெளி ஓர் எல்லைக்கு மேற்பட்டால், எத்துணைக் காலம் கட்டி வைத்தாலும் எலும்பு அதனைத் தாண்டி வளர்வதில்லை. நார்த்திசுவே அங்கு நிரம்பி நிற்கும். அந்நிலையில் வெளியிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை வைத்து நிரப்ப வேண்டிய தேவை எழுகிறது. அப்பொருள் யாது, அது நல்லதா தீயதா என்பதை எவ்வாறு உரைத்துப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

எலும்பின் அமைப்பு

எலும்பு என்பது உயிரற்ற சுண்ணாம்புத் தூண் அன்று. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். எஞ்சியது புரதமும் நீரும். புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் இழைப் புரதமாகும். கட்டடக் கலை அறிந்தோர் இதனை எளிதில் புரிந்துகொள்வர். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டுக் கலவையும் சேர்ந்து நிற்பது போல, எலும்பில் கொலாஜன் இழையும் கனிமமும் சேர்ந்து நிற்கின்றன. கனிமத்தை மட்டும் நீக்கினால் எலும்பு தோல்வார் போல வளையும். புரதத்தை மட்டும் எரித்து நீக்கினால் சுண்ணக்கட்டி போல நொறுங்கும்.

இக்கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பினை உலகிற்கு முதலில் முன்மொழிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். 1954-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு, எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமாய் அமைந்தது. எலும்பு பற்றிய உலக அறிவில் தமிழகத்து ஆய்வுக்கூடத்திற்கும் பங்குண்டு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேலும், எலும்பில் ஓயாத வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து நீக்க, மற்றொரு வகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இவ்விரு வேலைகளும் இசைந்து நடப்பதே எலும்பின் வாழ்வு. குறையை நிரப்ப வரும் பொருள் இந்த இசைவுக்குள் நுழைய வேண்டும். அதற்கு வெளியே நின்றுவிடலாகாது.

குறை நேரும் வழிகள்

எலும்பில் குறை பல வழிகளில் நேர்கிறது. கட்டியை அகற்றும்போது எலும்பின் ஒரு பகுதியையும் அகற்ற நேரிடலாம். நாட்பட்ட சீழ்நோயால் எலும்பு மடிந்து போகலாம். ஈறு நோயால் பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கரையலாம். பிறவியிலேயே மேலண்ணப் பிளவு இருக்கலாம். இவை எல்லாவற்றினும் நம் கண்முன் அடிக்கடி நிகழ்வது சாலை விபத்தேயாகும். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை நோக்கி விரையும் நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் நமக்கு இது செய்தித்தாளில் மட்டும் படித்தறியும் செய்தி அன்று. இருசக்கர வண்டியில் செல்வோரின் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும், துண்டுகள் சாலையிலேயே சிதறிப் போவதும் உண்டு.

இத்தகைய காயங்களை அளவிடுவதற்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். இராசசேகரன் குழுவினர் வகுத்து, 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பெண் முறை உலகளவில் அறியப்பட்டது. அதில் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்திற்குத் தனித்தனியே மதிப்பெண் இடப்படுகிறது. எலும்புக்கு உரிய 5 மதிப்பெண்களில், 4 செ.மீ.க்குக் குறைவான எலும்பிழப்புக்கு 4, அதற்கு மேற்பட்டதற்கு 5 என வகுத்துள்ளனர். எலும்பு நொறுங்குவதைக் காட்டிலும் எலும்பு இல்லாமற் போவதே கொடிது என்பதை இவ்வரிசை தெளிவாக்குகிறது.

வரலாற்றில் சில படிகள்

இழந்ததை ஈடு செய்யும் முயற்சி மிகப் பழமையானது. கொர்தோபா நகரில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டையொட்டி மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் முப்பதாம் பகுதியில் எலும்பு முறிவுகளுக்கெனத் தனிப்பிரிவே வகுத்தார். விழுந்த பல்லுக்கு ஈடாக மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தலாம் என்றும் அவர் எழுதினார். 1668-ஆம் ஆண்டு வெளியான டச்சு அறுவை மருத்துவர் யோப் ஃபான் மேக்கரனின் நூல், மண்டையோட்டில் காயமுற்ற ஒரு ருஷ்ய வீரருக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து மூடிய செய்தியைத் தருகிறது. 1880-ஆம் ஆண்டளவில் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்யூவன், ஒரு சிறுவனின் மேற்கை எலும்புக் குறையைப் பிற நோயாளிகளிடமிருந்து அகற்றிய எலும்புத் துண்டுகளைக் கொண்டு நிரப்பினார்.

செயற்கைப் பொருளின் வரலாறு 1892-ஆம் ஆண்டு தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டு ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பார் பாரிஸ் சாந்தினால் எலும்புக் குழிகளை நிரப்பியதைப் பதிவு செய்தார். 1920-இல் அமெரிக்காவின் ஆல்பி கால்சியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்தினார். 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு தோன்றுவதைக் கண்டார். எலும்பை உண்டாக்கத் தூண்டும் புரதம் எலும்பிலேயே உண்டு என்பது இதனால் தெரியவந்தது. 1969-இல் லாரி ஹெஞ்ச், எலும்போடு இறுகப் பிணையும் உயிர்க்கண்ணாடியை உருவாக்கினார். 1974-இல் கடற்பவளத்தின் நுண்துளை அமைப்பைக் கெடாமல் வைத்து, அதனை எலும்புக் கனிமமாக மாற்றும் முறையை டெல்லா ராய் வெளியிட்டார். இவ்வளவும் நடந்த பின்னும், ‘இதுவே முடிந்த முடிபு’ எனத்தக்க ஒரு பொருள் இன்றளவும் கிடைத்திலது.

நால்வகைப் பொருள்கள்

இன்று பயன்படும் பொருள்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து இதனை எடுப்பர். இதில் உயிரணுக்கள் உண்டு. தூண்டும் புரதங்கள் உண்டு. புதிய எலும்பு படர்ந்தேறச் சட்டகமும் உண்டு. ஆகவே, மற்றப் பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் உரைகல் இதுவே. ஆயினும் ஒரு காயத்தை ஆற்ற மற்றொரு காயம் செய்ய வேண்டும். எடுத்த இடத்தில் நெடுநாள் வலி நீடிக்கலாம். கிடைக்கும் அளவும் குறைவு.

இரண்டாவது, பிறர் ஈந்த எலும்பு. இடுப்பு மூட்டு மாற்று அறுவையின்போது அகற்றப்படும் தொடை எலும்பின் தலைப்பகுதி போன்றவற்றைச் சோதித்து, மிகு குளிரில் சேமித்து வைப்பர். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திசு வங்கி, உறைய வைத்து உலர்த்திய எலும்பைக் காமாக் கதிர்களால் நுண்ணுயிர் நீக்கி வழங்கிவருகிறது. உறுப்பு மாற்றுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2011-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், திசுக்களையும் அச்சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது.

மூன்றாவது, விலங்கின் எலும்பு. மாட்டெலும்பை உயர்ந்த வெப்பத்தில் சுட்டுப் புரதத்தை நீக்கிக் கனிமத்தை மட்டும் எடுப்பது ஒரு முறை. அமிலத்தால் கனிமத்தை நீக்கிக் கொலாஜனை எடுப்பது மற்றொரு முறை.

நான்காவது, ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் செயற்கைப் பொருள். ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், உயிர்க்கண்ணாடி, கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் ஹைட்ராக்ஸிஅபடைட் மிக மெதுவாகக் கரையும். ஆண்டுகள் பல கழிந்தும் எஞ்சியிருக்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் அதனினும் விரைவாகக் கரையும். பாரிஸ் சாந்தோ சில வாரங்களிலேயே கரைந்து, எலும்பு வந்து சேரும் முன்பே இடத்தைக் காலி செய்துவிடும். விருந்தினர் நெடுநாள் தங்கினாலும் இடர்; வீட்டார் வந்து சேருமுன் வாயிலைத் திறந்து போட்டுச் சென்றாலும் இடர். புத்தெலும்பு வளரும் வேகமும் பொருள் கரையும் வேகமும் ஒத்திருத்தலே வேண்டத்தக்கது.

பொருளின் வேதியியல் போலவே அதன் துளைகளும் இன்றியமையாதன. துளை 100 மைக்ரானுக்கும் குறைவாக இருப்பின் எலும்பும் குருதிக் குழாயும் உட்புகல் அரிது. 300 மைக்ரான் அளவினவாய், ஒன்றோடொன்று தொடர்புடையனவாய் இருத்தல் நன்று. இத்துளைகளை உண்டாக்கும் முறை நம் பகுதியினர்க்குப் புதிதன்று. செங்கல் மண்ணில் உமியைக் கலந்து சூளையில் சுட்டால், உமி எரிந்து போன இடம் துளையாக நிற்கும். அதுபோலவே பீங்கான் கலவையில் ஸ்டார்ச் மாவைக் கலந்து சுடும் முறையும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகிறது. ஆத்தூர்ப் பகுதிச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து பிரிக்கப்படுவதும் ஸ்டார்ச் மாவே என்பதை எண்ணிப் பார்த்தால், அறிவியல் நமக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பது விளங்கும்.

மதிப்பீட்டின் படிகள்

ஒரு பொருள் நோயாளியின் உடலை அடையுமுன் பல வாயில்களைக் கடந்தாக வேண்டும். முதல் வாயில் வேதியியல். ஹைட்ராக்ஸிஅபடைட் எனப்படும் பொருளில் கால்சியத்திற்கும் பாஸ்பரசிற்கும் உள்ள அணு விகிதம் 1.67 ஆக இருத்தல் வேண்டும். வேறு கட்டங்கள் கலந்துள்ளனவா என்பதை எக்ஸ்ரே சிதறல் முறையால் காண்பர். ஆர்செனிக், காட்மியம், பாதரசம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் வரையறுத்த அளவுக்குள் உள்ளனவா என்றும் சோதிப்பர்.

இரண்டாம் வாயில் கண்ணாடிக் கலத்தில் செய்யும் சோதனை. பொருளின் சாற்றில் உயிரணுக்கள் வாழ்கின்றனவா மடிகின்றனவா எனப் பார்ப்பர். குருதி நீரின் உப்புகளை ஒத்த கரைசலில் பொருளை ஊறவைத்து, அதன்மீது எலும்புக் கனிமம் படிகிறதா என்றும் காண்பர். இச்சோதனைகள் பயனுடையன, ஆனால் போதுமானவை அல்ல. கலத்தில் வென்ற பொருள் உடலில் தோற்பதும், கலத்தில் படிவு காட்டாத பொருள் உடலில் எலும்போடு பிணைவதும் உண்டு.

மூன்றாம் வாயில் விலங்காய்வு. எலி, முயல், ஆடு ஆகியவற்றில் செய்யப்படும் இவ்வாய்வுக்கு, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட நெறிகளும் நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் கட்டாயமாகும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. சிறு குழி தானே ஆறிவிடும் இயல்புடையது. அதில் ஒரு பொருளை வைத்து, ‘எலும்பு வளர்ந்தது, பொருளின் வெற்றி’ என்று கூறின், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே முடியும். ஆகவே, தானே ஆறாத அளவுக்குப் பெரிய குறையையே ஆய்வுக்குக் கொள்ளல் வேண்டும் என்பதை 1986-ஆம் ஆண்டு ஷ்மிட்ஸ், ஹாலிங்கர் ஆகியோர் வலியுறுத்தினர். அதனோடு, ஒன்றும் வைக்காத குறை ஒன்றும், சொந்த எலும்பு வைத்த குறை ஒன்றும் ஒப்பீட்டிற்காக இருத்தல் வேண்டும். ஒன்றும் வைக்காததை விட மேலானதா, சொந்த எலும்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தராத ஆய்வு பாதி ஆய்வேயாகும்.

நான்காம் வாயில் மனிதரிடம் செய்யும் ஆய்வு. இதற்கு நெறிக்குழுவின் ஒப்புதலும், நோயாளியின் புரிந்துகொண்ட இசைவும் வேண்டும். எந்த நோயாளிக்கு எந்தப் பொருள் என்பது குலுக்கல் முறையில் அமைவதும், விளைவை அளப்பவருக்கு அது தெரியாதிருப்பதும் நடுநிலைக்குத் துணை செய்யும்.

எக்ஸ்ரே தரும் மயக்கம்

எலும்பு நிரப்பிகளை மதிப்பிடுவதில் மற்றெங்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியக் கனிமம். ஹைட்ராக்ஸிஅபடைட்டும் அதே கனிமமாதலால், குழியில் அதனைக் கொட்டிய அன்றே படத்தில் அவ்விடம் வெண்மையாகத் தெரியும். ஓர் உயிரணுகூட அங்கு வந்திராது. ஆயினும் படம் ‘நிரம்பிவிட்டது’ என்று கூறும். நோயாளி மகிழ்வார், உறவினர் மகிழ்வர், பொருளை விற்றவரும் மகிழ்வார். ஆனால் நிரம்பியது பொருளால்; எலும்பால் அன்று.

வெண்மை எல்லாம் பாலாகாதது போல, படத்தின் வெண்மை எல்லாம் எலும்பாகாது. எனவே ஆய்வில் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, எவ்வளவு புத்தெலும்பு, எவ்வளவு எஞ்சிய பொருள், எவ்வளவு நார்த்திசு எனத் தனித்தனியே அளத்தல் வேண்டும். எலும்பைச் சுமை ஏற்றி முறித்து, அதன் வலிமையையும் காணல் வேண்டும். மனிதரிடம் இவ்வாறு செய்ய இயலாது. ஆதலால், பொருளுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள கோடு மறைகிறதா, மணிகளின் விளிம்பு மங்கிப் பொருள் குறைந்து வருகிறதா, நோயாளி வலியின்றி ஊன்றி நடக்கிறாரா என்பவற்றை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். ‘நிரம்பியதா’ என்பது வினா அன்று; ‘எலும்பாயிற்றா’ என்பதே வினா.

திருவனந்தபுரத்து ஆய்வு

இத்துறையில் நம் நாட்டில் நடந்த முயற்சிகளுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணியாகும். 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்நிறுவனம், 1990-ஆம் ஆண்டு உள்நாட்டிலேயே ஆக்கிய இதய வால்வை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திப் புகழ் பெற்றது. அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, ஹைட்ராக்ஸிஅபடைட்டோடு உயிர்க்கண்ணாடியைச் சேர்த்த எலும்பு நிரப்பியையும், கால்சியம் பாஸ்பேட் சிமெண்டையும் உருவாக்கியது.

அங்கு நடந்த ஓர் ஆய்வு 2009-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஹைட்ராக்ஸிஅபடைட்டின் மேல் கால்சியம் சிலிகேட் முதலிய மூன்று கட்டங்கள் கொண்ட பூச்சினை ஏற்றி, 50 முதல் 500 மைக்ரான் வரை துளைகளுடைய ஒரு பொருளை ஆக்கினர். ஆட்டின் தொடை எலும்பில் 2 செ.மீ. நீளத் துண்டை அகற்றி, அவ்விடத்தில் அதனைப் பொருத்தினர். முதற் குழுவுக்குப் பொருள் மட்டும். இரண்டாம் குழுவுக்கு அந்த ஆட்டின் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த உயிரணுக்களோடு சேர்த்து. மூன்றாம் குழுவுக்கு உயிரணுக்களோடு குருதித் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவும் சேர்த்து வைத்தனர்.

விளைவு சிந்திக்கத்தக்கது. மூன்று குழுக்களிலும் பொருள் அழற்சியின்றி அருகிலுள்ள எலும்போடு கூடியது. முனைகளை மட்டும் பார்த்தால் மூன்றும் வெற்றி என்றே தோன்றும். வேறுபாடு நடுப்பகுதியில் தெரிந்தது. பொருளை மட்டும் வைத்த குழுவில் நடுப்பகுதி பின்தங்கி நின்றது. உயிரணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்த குழுவில் புத்தெலும்பு விரைந்து உண்டாயிற்று. பொருளும் விரைந்து கரைந்தது. பொருள் என்பது படர்கொடிக்கு நடும் பந்தற்கால் போன்றது. பந்தல் நன்றாயினும் கொடி வேரிலிருந்துதான் வரவேண்டும். அகன்ற குறையில் முனைகளிலிருந்து வரும் உயிரணுக்கள் நடுவை எட்டுமுன் ஓய்ந்துவிடுகின்றன. எனவே, எளிதில் வெற்றி தரும் ஓரத்தை விடுத்து, கடினமான நடுவைப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு என்னும் பாடத்தை இவ்வாய்வு தருகிறது.

இரு எச்சரிக்கைகள்

மதிப்பீட்டில் தளர்வு ஏற்பட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

யூரிஸ்ட் கண்ட எலும்பூக்கிப் புரதத்தை மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆக்கி, முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த 2002-ஆம் ஆண்டு அங்கு அனுமதி கிடைத்தது. இனி இடுப்பெலும்பை வெட்ட வேண்டியதில்லை என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் கழுத்தெலும்பில் பயன்படுத்தியபோது வீக்கமும் மூச்சுத் தடையும் நேர்ந்ததைக் குறித்து 2008-ஆம் ஆண்டு அரசு அமைப்பே எச்சரித்தது. நிறுவனத்தின் பொருளுதவியோடு நடந்த 13 ஆய்வுகளில், 780 நோயாளிகளுள் ஒருவருக்கும் அப்புரதத்தால் தீங்கு நேரவில்லை என எழுதப்பட்டிருந்ததை 2011-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ ஆய்விதழ் சுட்டிக்காட்டி, உண்மையில் தீங்குகள் பல மடங்கு மிகுதி என வெளிப்படுத்தியது. 2013-ஆம் ஆண்டு இரு தனிக் குழுக்கள் முழுத் தரவுகளையும் ஆராய்ந்து, சொந்த எலும்பைக் காட்டிலும் தெளிவான மேன்மை எதுவும் அப்புரதத்திற்கு இல்லை எனக் கண்டன. எவருடைய பணத்தால் ஆய்வு நடந்தது என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே என்பது இதனால் தெளிவாகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி 2021-ஆம் ஆண்டினது. இறந்த ஒருவர் ஈந்த எலும்பிலிருந்து ஆக்கிய நிரப்பி, 18 மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு வைக்கப்பட்டது. ஈந்தவரிடம் இருந்த காசநோய்க் கிருமி அப்பொருளின் வழியே பரவிற்று, உயிரிழப்பும் நேர்ந்தது. 2023-இல் மீண்டும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் திசு வங்கிகள் எத்துணை விழிப்போடு இயங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொடையாளரைச் சோதித்தலும், கதிரால் நுண்ணுயிர் நீக்குதலும், எந்தத் தொகுதி எந்த நோயாளிக்குச் சென்றது என்னும் பதிவும் ஒன்றற்கொன்று மாற்றல்ல. மூன்றும் சேர்ந்தே காவல்.

நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகள் 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. கருவிகளை இடர்ப்பாட்டின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாக அவை பிரிக்கின்றன. கருவிகளால் நேரும் தீங்குகளைத் தெரிவித்துத் தொகுக்கும் தேசியத் திட்டமொன்று 2015-ஆம் ஆண்டே தொடங்கப்பெற்றது. சட்டமும் திட்டமும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் விழிப்பு மக்களிடமும் மருத்துவரிடமும் பெருக வேண்டும்.

நோயாளி கேட்க வேண்டியவை

அறுவை அரங்கின் வாயிலில் நிற்கும் குடும்பத்தாரிடம், ‘எலும்புப் பவுடர் வைக்க வேண்டும், தனியே பணம் கட்டுங்கள்’ என்று கூறப்படும்போது, அவர்கள் நகையை அடகு வைத்தேனும் கட்டிவிடுவர். ஆனால் அது என்ன பொருள் என்று கேட்க அஞ்சுவர். கேட்பது நோயாளியின் உரிமை; மருத்துவரை ஐயுறுதல் ஆகாது. கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே.

நோயாளியின் சொந்த எலும்பே போதாதா? போதாதெனில், சொந்த எலும்போடு சேர்த்து இப்பொருளை வைக்கிறீர்களா, தனியே வைக்கிறீர்களா? எவ்வளவு காலத்தில் இது கரைந்து எலும்பாகும்? அதுவரை எடையைத் தாங்குவது தகடா, கம்பியா? காயத்தில் சீழ் முற்றும் நீங்கிவிட்டதா? பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள சீட்டு மருத்துவக் குறிப்பில் ஒட்டப்படுமா? இவற்றுள் தகடு பற்றிய வினாவும் சீழ் பற்றிய வினாவும் மிக முதன்மையானவை. பெரும்பாலான நிரப்பிகள் இடத்தை நிரப்புமேயன்றி எடையைத் தாங்கா. சீழ் உள்ள குழியில் வைத்த விலையுயர்ந்த பொருளும் அயற்பொருளாகவே கிடந்து துன்புறுத்தும்.

மற்றொரு வினாவும் உண்டு: இது எதிலிருந்து எடுக்கப்பட்டது? மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து ஆக்கிய எலும்புப் பொருள்களும் கொலாஜன் படலங்களும் வழக்கில் உள்ளன. முஸ்லிம்கள், இந்துக்கள், சமணர், புலால் உண்ணாதார் எனப் பலர்க்கும் இது மனச்சான்று சார்ந்த செய்தியாகும். உயிர் காக்கும் நெருக்கடியில் எது தகும் என்பதை அவரவர் சமய அறிஞரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் பெரும்பாலான எலும்பு நிரப்பு அறுவைகள் நாள் குறித்துச் செய்யப்படுவன; செயற்கைப் பொருள், சொந்த எலும்பு என மாற்று வழிகளும் உள்ளன. ஆகவே, மூலத்தை முன்னரே கூறித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தருதல் மருத்துவ அறமாகும். சொல்லாமல் வைத்துவிட்டுப் பின்னர்த் தெரியவரின், ஆறிய எலும்பினும் ஆறாத மனமே எஞ்சும்.

நிறைவாக

எலும்பு நிரப்பிகளின் வரலாறு ஓர் எளிய உண்மையைக் கூறுகிறது. சிறந்த நிரப்பி என்பது என்றும் நிலைத்து நிற்பதன்று. தன் பணி முடிந்ததும் தான் மறைந்து, தன்னிடத்தில் நோயாளியின் சொந்த எலும்பை நிறுத்திச் செல்வதே. அது மறைந்ததா, எலும்பு வந்ததா என்பதைப் பொறுமையோடும் நடுநிலையோடும் அளந்து கூறுவதே மதிப்பீடு.

இப்பணிக்கு வேதியியல் படித்தோரும், விலங்கியல் படித்தோரும், புள்ளியியல் படித்தோரும் தேவை. அறிவியலை மக்கள் மொழியில் எடுத்துரைக்கத் தமிழ் படித்தோரும் தேவை. நோயாளி புரிந்துகொண்டு கையொப்பமிட வேண்டிய இசைவுத் தாள் அவருக்கு விளங்காத மொழியில் இருக்குமாயின், அக்கையொப்பத்திற்குப் பொருள் யாது? எலும்பு நிரப்பி என்பது யாது, அதன் நன்மை எது, தீமை எது என்பதைச் சாலையோரச் சிற்றூரில் வாழும் உழவரும் உணருமாறு தெளிந்த தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவது, ஆய்வுக்கூடத்தில் ஒரு புதுப்பொருளை ஆக்குவதற்குச் சற்றும் குறைந்த தொண்டன்று. நம் மாணவச் செல்வங்கள் அப்பணியை மேற்கொள்வார்களாக.